மூன்று தடவை இறைத்த கிணறு

2019 ஜூன், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டு, "மக்களே, இந்த வெள்ளத்த ஒண்ணு மோந்து பாரு" என்று வாளியை என் பக்கம் நீட்டினாள். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர்.) குனிந்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம், லேசாகத்தான். யாரோ மண்ணெண்ணெய் பட்ட கையோடு வாளியைத் தொட்டிருப்பார்கள் என்று அம்மா முதலில் எங்களைத்தான் திட்டினாள். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடியும் கோரினோம். அதே மணம். வெயிலில் வைத்துப் பார்த்தபோது வெள்ளத்தின் மேல் மெல்லிசாக ஒரு படலம், மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டுத் தரையில் தெரியுமே, அந்த வானவில் நிறத்தில்.

அப்பா டெப்போ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு விரலை நனைத்து மோந்து பார்த்துவிட்டு, "இது மண்ணெண்ணை இல்ல, பெட்ரோலு" என்றார். அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் இருக்கிறது. தென்னை, ரப்பர், பலா, நடுவே வீடுகள், வீட்டுக்கொரு கிணறு. எங்கள் கிணறு 34 அடி. மேலே செம்மண், அப்புறம் சரல் (செந்நிறச் சரளைக் கல்), அதற்கும் கீழே பாறை தட்டும். அடியில் தாத்தா காலத்து நெல்லிப்பலகை கிடக்கும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. கப்பியும் கயிறும் இருந்த எங்கள் கிணற்றில்தான் பக்கத்து நாலைந்து வீட்டுக்காரர்களும் குடத்தோடு வந்து கோரிக்கொண்டு போனார்கள். அந்தக் கிணறு இப்படி ஆனதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தால் நாங்கள் செய்த தப்புகளை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதல் தப்பு, கிணற்றை இறைத்தது. எங்கள் ஊரில் கிணற்றுக்கு எது வந்தாலும் ஒரே மருந்து, இறைத்துத் தூர் வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடுவது. எலி விழுந்தாலும் அதுதான், மழை வெள்ளம் உள்ளே போனாலும் அதுதான். எங்களுக்கும் அதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. வழக்கமாக வருகிற அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் எந்தக் கிணற்றிலும் இறங்குவதற்கு முன்னால் வாளிக்குள் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார். திரி அணைந்தால் உள்ளே காற்று சரியில்லை, இறங்கக்கூடாது என்று அர்த்தம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய நல்ல வழக்கம் அது. அன்றைக்கும் வாளியில் மெழுகுவர்த்தியை நட்டு, தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசப் போனார். திண்ணையிலிருந்து அப்பா ஓடி வந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. "கொளுத்தாண்டாம்! எறக்காண்டாம்!" என்று கத்திக்கொண்டே அந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணறு மாதிரி பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் குச்சி பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு யோசிக்கக்கூட முடியவில்லை. தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: எண்ணெய் மணம் வருகிற கிணற்றுப் பக்கம் விளக்கு, பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, ஆளும் இறங்கக்கூடாது.

யாரும் இறங்காமல் மேலே மோட்டாரைத் தள்ளி வைத்து நாள் முழுக்க இறைத்தோம். ஊற்று தெரிகிற அளவுக்கு வற்றியது. மறுநாள் காலையில் ஊறி வந்த வெள்ளத்தில் மணமே இல்லை. அம்மா சாமிக்கு விளக்கு வைத்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் மணம், முன்னைவிட அதிகமாக. இரண்டாம் தடவை இறைத்தோம். அதற்குப் பத்து நாள் கழித்து மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

ஏன் அப்படி ஆனது என்று எங்களுக்குப் புரியவைத்தவன் நிலவியல் படித்த என் நண்பன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினான். கிணற்றில் தெரிகிற வெள்ளம் கிணற்றுக்குச் சொந்தமானது இல்லை. ஊர் முழுக்கச் சரலின் இடுக்குகளில் நிற்கிற வெள்ளம்தான் நாம் தோண்டிய குழியில் எட்டிப் பார்க்கிறது. அது நிற்கவும் இல்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் மோட்டார் போட்டு இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி இறங்கும், நாலா பக்கத்திலிருந்தும் வெள்ளம் கிணற்றை நோக்கி ஓடி வரும். அதாவது, எங்கேயோ நின்ற பெட்ரோலை மூன்று தடவை நாங்களே எங்கள் கிணற்றுக்கு இழுத்திருக்கிறோம். "கெணத்தக் கழுவினா நெலம் கழுவிருமாடே?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை.

மூலம் எங்கே என்று கண்டுபிடிக்க நானும் அம்மாவும் வீடு வீடாகப் போனோம். பதினோரு கிணறு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளி கோரச் சொல்லி மோந்து பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டோம். மேட்டுப் பக்கம் இருந்த கிணறு எல்லாம் சுத்தம். ரோட்டோரம் இருக்கிற பெட்ரோல் பங்குக்குக் கீழே, குளத்தைப் பார்த்துச் சரிகிற பக்கம் நாலு கிணற்றில் மணம். அதில் ஒரு மைனி (அண்ணி முறை), "எங்க வீட்டுல ஒரு மாசமா இருக்கு, நாங்க பைப்பு மாத்தினதால வந்த வாசம்னு நினைச்சோம்" என்றார்கள். அவர்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது, அந்த ஒரு மாசமும் அந்த வெள்ளத்தைத்தான் கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கொதிக்க வைப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிருமிக்கு அது நல்ல வழி, பெட்ரோலுக்கு வழியே இல்லை. பெட்ரோலில் இருக்கிற பென்சீன் சட்டென்று ஆவியாகிற பொருள். கொதிக்க வைத்தால் பாத்திரத்திலிருந்து அடுக்களைக் காற்றுக்கு மாறி நம் மூச்சில் போகும். பிளீச்சிங் பவுடரும் கிருமியைத்தான் கொல்லும், பெட்ரோலை ஒன்றும் செய்யாது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை வரவழைக்கக்கூடியது என்பது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்ட விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அமெரிக்காவில் வரம்பு 5 தான். நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: அந்த 1 சதவீதம் இருக்கிற ஒரு லிட்டர் பெட்ரோலில் பென்சீன் 10 மில்லி, எடை எட்டே முக்கால் கிராம். அது முழுவதும் கரைந்தால் எட்டே முக்கால் லட்சம் லிட்டர் வெள்ளத்தை உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அந்த 10 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் சொன்னால் எழுபதுக்கும் மேற்பட்ட லாரி. ஒரே ஒரு லிட்டருக்கு!

பங்கில் போய்க் கேட்டபோது, ஸ்டாக்கில் எந்தக் குறைவும் இல்லை, கசிவெல்லாம் இருக்க வாய்ப்பில்லை என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தினமும் தொட்டியில் அளவுக்கோல் விட்டுத்தான் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் பெட்ரோல் வெயிலுக்கு விரியும், ஆவியாகும், அதனால் கொஞ்சம் கூடக் குறைய இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூமிக்குள் ஒரு குழாய் இணைப்பில் விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல், வருஷத்துக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். ஆயிரக்கணக்கில் லிட்டர் விற்கிற இடத்தில் தினம் 4 லிட்டர் கண்ணில் படுமா?

அப்புறம் பரிசோதனை. ஒரு பழைய குளிர்பானப் பாட்டிலில் வெள்ளம் பிடித்து ஒரு லேபுக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு, பாக்டீரியா எல்லாம் பார்த்து, குடிக்க உகந்தது என்று எழுதியிருந்தார்கள். மூக்கைத் துளைக்கிற மணம் வருகிற வெள்ளத்துக்கு! கோபம் வந்தது, ஆனால் விசாரித்தபோது விஷயம் தெளிவானது: வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் பென்சீனைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும், நாமாகக் கேட்டால்தான் செய்வார்கள். இன்னொன்று, நான் பிடித்த விதமே தப்பு. பாதி பாட்டிலில் காற்று இருந்தால் பென்சீன் அந்தக் காற்றுக்குப் போய்விடும், மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு குமிழிகூட இல்லாமல் ததும்பத் ததும்ப நிரப்பி மூடி, கவிழ்த்துப் பார்த்து, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அப்படித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் பென்சீன் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருப்பது தெரிந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை தோறும் நடக்கிற குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனோம். எத்தனை திங்கட்கிழமை என்று எழுதினால் அதுவே தனிப் பதிவாகிவிடும். நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போனதால்தான் ஏதோ நடந்தது. கடைசியில் தோண்டிப் பார்த்தபோது குழாய் இணைப்பு ஒன்று துருப்பிடித்து ஒழுகியிருந்தது. தொட்டியையும் குழாயையும் மாற்றினார்கள், நனைந்த மண்ணை வெட்டி எடுத்து லாரியில் கொண்டுபோனார்கள், துளை போட்டு நீர்மட்டத்தின் மேல் மிதந்த பெட்ரோலைக் கொஞ்ச நாள் உறிஞ்சி எடுத்தார்கள். வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வந்தது. அதற்குள் கொரோனா வந்தது, எல்லாம் நின்றது.

இங்கேதான் நான் சொல்ல நினைப்பது வருகிறது. கசிவை நிறுத்துவதும் மிதப்பதை எடுப்பதும் பாதி வேலைகூட இல்லை. எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீர் விட்டு அலசிப் பாருங்கள். மேலே மிதக்கிறது போய்விடும், சட்டியில் ஒட்டிய பிசுக்கு போகாது, அடுத்த தடவை ஊற்றுகிற தண்ணீரிலும் அது கொஞ்சம் வரும். சரலின் ஒவ்வொரு இடுக்கிலும் அப்படிப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பெட்ரோலும் கூடவே இறங்கி வழியெல்லாம் பூசிக்கொண்டே போகிறது, மழையில் மட்டம் ஏறும்போது பூசியதெல்லாம் மறுபடியும் கரைகிறது. எங்கள் கிணற்றில் மார்ச் ஏப்ரலில் மணம் சுத்தமாக நின்றுபோய், சரி தொலைந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது, அடுத்த இடவப்பாதியில் திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான்.

இறைத்துச் சுத்தப்படுத்துவது என்று ஒரு முறை உலகம் முழுக்க உண்டு. நிலத்தடி நீரை மேலே எடுத்து, கரி வழியாக வடிகட்டி விடுவது. அந்தக் கரியை நம் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டும் செய்கிறார்கள். அப்படிப் பக்குவப்படுத்திய கரியில் ஒரு கிராமுக்குள் இருக்கிற நுண்துளைகளின் பரப்பைப் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரும், அதாவது கிட்டத்தட்ட 25 சென்ட். ஒரு கிராமில் ஒரு விளையே (தோப்பே) அடங்கும்! பென்சீன் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே வந்த நீரைச் சுத்தப்படுத்த இது அருமையான வழிதான், ஆனால் நிலம் சுத்தமாகிறதா என்பது வேறு கேள்வி. 1994-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு இப்படி இறைத்துக்கொண்டிருந்த 77 இடங்களை எடுத்துப் பார்த்தது. நினைத்த அளவுக்குச் சுத்தமானது 8 இடத்தில்தான். அவ்வளவு பணமும் கருவியும் இருக்கிற ஊரிலேயே அப்படி என்றால், எங்கள் மூன்று நாள் மோட்டார் எந்த மூலைக்கு?

அதனால் மேலே எடுக்காமல் நிலத்துக்குள்ளேயே வைத்துச் சுத்தப்படுத்துகிற வழிகளைத்தான் பிறகு நிறைய யோசித்திருக்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே குழாய் இறக்கிக் காற்றை அழுத்திவிட்டால் குமிழிகளோடு பென்சீன் மேலே கிளம்பும். மேலே இன்னொரு குழாய் அந்த ஆவியை உறிஞ்சி எடுக்கும். குரோமியம் மாதிரி ஆவியாகாத விஷத்துக்கு இது ஆகாது. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் (குரோமிய உப்பு) ஆலையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு குவிந்து கிடந்து, ஆலை நின்று வருஷக்கணக்கான பிறகும் சுற்றுவட்டார நிலத்தடி நீர் மஞ்சளாக வந்தது. அதே குரோமியத்துக்கு அமெரிக்காவில் எலிசபெத் சிட்டி என்ற இடத்தில் 1996-ல் ஒரு வேலை செய்தார்கள்: நீர் நகர்ந்து போகிற வழிக்குக் குறுக்கே 46 மீட்டர் நீளம், 7 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, இரும்புத் துகளால் நிரப்பினார்கள். நீர் தானாக அதற்குள் புகுந்து போகும்போது இரும்பு குரோமியத்தை விஷம் குறைந்த, கரையாத வகையாக மாற்றி அங்கேயே படிய வைத்துவிடும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனால் எங்கள் ஊருக்கு இது எதுவும் வரவில்லை. வந்தது வேறு. 2021 வாக்கில், கப்பிக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்திருந்த வெள்ளை வாளியின் உள்பக்கம் சிவப்பாகக் கறை பிடிக்க ஆரம்பித்தது. கோரும்போது தெளிவாக இருக்கிற வெள்ளம், அரை மணி நேரம் வாளியில் இருந்தால் துருநிறத்துக்கு மாறி அடியில் படியும். அதற்கு முன் எங்கள் கிணற்றில் அப்படி வந்ததே இல்லை. அம்மா பயந்துபோனாள், நானும்தான். நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். அவன் சந்தோஷப்பட்டான்!

மண்ணுக்குள் இருக்கிற பாக்டீரியாக்களுக்குப் பெட்ரோல் சாப்பாடு. சாப்பிட அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். கரைந்திருக்கிற ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், அதுவும் தீர்ந்ததும் மண்ணில் இருக்கிற இரும்பைப் பயன்படுத்துகின்றன. நம் மாவட்டத்துச் சரலுக்கு அந்தச் சிவப்பு நிறமே இரும்பால் வந்தது. பாக்டீரியா அதைக் கரைகிற இரும்பாக மாற்றிவிடும், அது கிணற்றுக்கு வந்து, மேலே காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். வாளியில் பிடித்த கறை, பூமிக்குள் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். (இரும்பு வருகிற எல்லாக் கிணற்றிலும் பெட்ரோல் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள், இங்கே பல கிணற்றில் இயல்பாகவே வரும்.) இதைப் பற்றி உலகத்துக்கு நிறையச் சொல்லிக்கொடுத்த இடம் அமெரிக்காவில் பெமிட்ஜி. 1979 ஆகஸ்டில் அங்கே ஒரு குழாய் வெடித்து 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது; எடுத்தது போக 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிவிட்டது. 1983-லிருந்து விஞ்ஞானிகள் அங்கே உட்கார்ந்து, பாக்டீரியா அதை எப்படித் தின்கிறது, இரும்பு எப்படிக் கரைகிறது என்று அளந்துகொண்டிருக்கிறார்கள். கரைந்த விஷம் பரவும் வேகத்தைப் பாக்டீரியா வெகுவாக மட்டுப்படுத்தியிருக்கிறது. எண்ணெய் மட்டும் நாற்பது வருஷம் கழிந்தும் தீரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, சரி, பாக்டீரியா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இயற்கையிடம் விடுவதும் ஒரு முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான், ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: கசிவு நின்றிருக்க வேண்டும், சுற்றிலும் கண்காணிப்புத் துளை போட்டு வருஷா வருஷம் அளக்க வேண்டும், அதுவரைக்கும் ஜனங்களுக்கு வேறு குடிநீர் கொடுக்க வேண்டும். அளக்காமல் விட்டுவைப்பதற்குப் பேர் கைவிடுவது. 1996-ல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கிலேயே, மாசுபடுத்தியவர்தான் பாதிக்கப்பட்டவருக்கான நஷ்டஈட்டையும் கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சரிசெய்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் கிணற்று வெள்ளத்தை அளக்கிற செலவை இந்த நிமிஷம் வரை நான்தான் செய்கிறேன். நாலு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாகப் பார்த்தது இந்த வருஷம் பிப்ரவரியில். மூன்று கிணற்றில் பென்சீன் வரம்புக்குக் கீழே வந்துவிட்டது, எங்கள் கிணறும் அதில் ஒன்று. பங்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற மைனி வீட்டுக் கிணற்றில் இன்னும் இருக்கிறது. அவர்கள் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது. அம்மா இப்போதே குடிக்கலாமா என்று கேட்கிறாள், குழாய்த் தண்ணீரில் சோறு ருசிக்கவில்லையாம். நான் வேண்டாம் என்கிறேன். பிப்ரவரி கணக்கை நம்ப முடியாது. வெள்ளம் மேலே ஏறி, சரலில் பூசியிருப்பதைத் தொடும்போது என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். மூக்கையும் நம்ப முடியாது, பென்சீன் மணத்துத் தெரிவதற்கு வெகு முன்பே வரம்பைத் தாண்டியிருக்கும். இடவப்பாதி பிடித்துப் பத்து நாள் கழித்து எடுக்கலாம் என்று நண்பன் சொல்லியிருக்கிறான். எட்டுக் கண்ணாடிக் குப்பி வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு இரண்டு.